மஞ்சள் பியோனி 'பார்ட்செல்லா': வீட்டுத் தோட்டக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

டொராண்டோவுக்குக் கிழக்கே, களிமண் நிலத்தில் உள்ள ஒரு சிறிய பின்தோட்டத்தில் பல ஆண்டுகளாகப் பியோனி வளர்த்து வருகிறேன். ஜூன் மாதம் வந்துவிட்டால் வேலியோரம் நடந்து போகிறவர்கள் நின்று கேட்பது ஒரே செடியைப் பற்றித்தான். சாப்பாட்டுத் தட்டில் பாதி அளவுக்கு விரிந்து, நல்ல எலுமிச்சை மஞ்சளில் பூக்கும் பார்ட்செல்லா அது. உறவினர்களும் நண்பர்களும் தொலைபேசியில் கேட்ட கேள்விகளையும் சேர்த்து, ஒரே இடத்தில் பதில் எழுதி வைக்கிறேன்.

பியோனி என்றால் என்ன செடி? நம் ஊரில் பார்த்ததே இல்லையே?

பார்த்திருக்க வாய்ப்பில்லை. பியோனி குளிர் நாட்டுச் செடி. சீனாவில் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாகத் தோட்டங்களில் வளர்க்கிறார்கள். இந்தியாவிலும் ஒரு காட்டுப் பியோனி உண்டு. காஷ்மீர், இமாச்சலம், உத்தராகண்ட் மலைகளில் வெள்ளையாகப் பூக்கும். காஷ்மீரில் அதற்கு 'மமேக்' என்று பெயர்.

தோட்டப் பியோனியில் இரண்டு பெரிய பிரிவுகள் உண்டு. ஒன்று செடிப் பியோனி. குளிர்காலத்தில் மண்ணுக்கு மேலே இருப்பதெல்லாம் காய்ந்து மடிந்துவிடும், வேர்க்கிழங்கு மட்டும் உயிரோடு கிடக்கும். பனி உருகியதும் சிவப்பு விரல்கள் போல முளைகள் மண்ணைக் கிழித்துக்கொண்டு வரும். இன்னொன்று மரப் பியோனி. மரம் என்றால் பெரிய மரமில்லை, நம் செம்பருத்தி மாதிரிப் புதர். அதன் தண்டு கட்டையாகி, குளிர்காலத்திலும் அப்படியே நிற்கும்.

பார்ட்செல்லா இந்த இரண்டுக்கும் பிறந்தது. பூவும் இலையும் மரப் பியோனியைப் போல இருக்கும். வளரும் விதமோ செடிப் பியோனியைப் போல. இப்படிக் கலந்து பிறந்தவற்றை 'இட்டோ பியோனி' என்கிறார்கள்.

மஞ்சள் நிறத்துக்கு ஏன் இவ்வளவு பேச்சு? ரோஜாவில், செவ்வந்தியில் எல்லாம் மஞ்சள் சாதாரணமாகக் கிடைக்கிறதே?

செவ்வந்திக்கு மஞ்சள் இயல்பு. பியோனிக்கு அப்படியில்லை. சீனச் செடிப் பியோனியில் வெள்ளை, ரோஸ், சிவப்பு, அவற்றுக்கு இடைப்பட்ட எல்லாச் சாயலும் உண்டு. நல்ல மஞ்சள் மட்டும் கிடையாது. எத்தனை தலைமுறை விதை போட்டாலும் இல்லாத நிறம் எங்கிருந்து வரும்?

மஞ்சள் வேறு இடங்களில் இருந்தது. காகசஸ் மலையில் வெளிர் மஞ்சளாக, ஒற்றை அடுக்கில் பூக்கும் காட்டுப் பியோனி ஒன்று உண்டு. அதன் தாவரவியல் பெயர் வாயில் நுழையாது என்பதால் ஆங்கிலேயத் தோட்டக்காரர்கள் அதை 'மாலி தி விட்ச்' என்று செல்லமாக அழைக்கிறார்கள். அதைவிட அழுத்தமான மஞ்சள் சீனாவின் யுன்னான் மலைகளில், ஒரு காட்டு மரப் பியோனியில் இருந்தது. 1880-களில் டெலாவே என்ற பிரெஞ்சுப் பாதிரியார் அதைத் திரட்டிப் பாரிஸுக்கு அனுப்பினார். பூ சிறியது. இலைக்கு அடியில் தலையைக் கவிழ்த்துக்கொள்ளும். ஆனால் நிறம் சுத்தமான மஞ்சள்.

பிரான்சின் நான்சி நகரில் லெமுவான் குடும்பத்தார் நாற்றுப்பண்ணை வைத்திருந்தார்கள். அவர்கள் யுன்னான் மஞ்சளைச் சீன மரப் பியோனியோடு கலந்து, அடுக்கு இதழ் மஞ்சள் ரகங்களைக் கொண்டுவந்தார்கள். அவற்றில் ஒன்று 'ஆலிஸ் ஹார்டிங்'. பூ அழகுதான், ஆனால் கனம் தாங்காமல் தொங்கும். மரப் பியோனி என்பதால் கடும் குளிரில் தண்டு பட்டுப்போகிற தொல்லையும் உண்டு. செடிப் பியோனிக்கு மஞ்சள் இன்னும் வந்து சேரவில்லை. செடியையும் மரத்தையும் கலந்தால் விதை பிடிக்காது என்றே பெரும்பாலோர் நம்பினார்கள்.

ஜப்பானில் டோயிச்சி இட்டோ என்பவர் அதை நம்பவில்லை. திரும்பத் திரும்பக் கலந்து பார்த்துத் தோற்றவர், 1948-இல் 'ககோடென்' என்ற வெள்ளைச் செடிப் பியோனியைத் தாயாக வைத்து, 'ஆலிஸ் ஹார்டிங்'கின் மகரந்தத்தை அதில் தடவினார். விதை பிடித்தது, நாற்றும் முளைத்தது. ஆனால் பியோனி நாற்று பூக்கப் பல ஆண்டுகள் எடுக்கும். 1956-இல் இட்டோ இறந்தபோது ஒரு பூகூட விரியவில்லை. 1960-களில்தான் அவர் நாற்றுகளில் மஞ்சள் பூத்தது.

பூ விற்கும் படங்களின் கீழே 'இட்டோ' என்ற சொல்லைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வரும். தன் பெயரைத் தாங்கிய பூவை அந்த மனிதர் கண்ணால் பார்க்கவே இல்லை.

அப்படியானால் பார்ட்செல்லா ஜப்பான் ரகமா?

இல்லை, அமெரிக்க ரகம். இட்டோவின் நாற்றுகளில் சிலவற்றை நியூயார்க்கைச் சேர்ந்த லூயி ஸ்மிர்னாவ் என்ற செடி வணிகர், இட்டோவின் மனைவியிடம் அனுமதி பெற்று அமெரிக்காவுக்குக் கொண்டுவந்தார். 'யெல்லோ கிரவுன்', 'யெல்லோ டிரீம்', 'யெல்லோ எம்பரர்', 'யெல்லோ ஹெவன்' என்று நான்கு ரகங்கள் 1974-இல் பதிவாயின. அவற்றைப் பார்த்த பிறகு, 'முடியும்' என்று தெரிந்துகொண்ட வேறு சிலரும் முயன்றார்கள்.

அவர்களில் ஒருவர் விஸ்கான்சின் மாநிலத்தில் ஃபோர்ட் அட்கின்சன் ஊரைச் சேர்ந்த ரோஜர் ஆண்டர்சன். அவர் உருவாக்கிய பார்ட்செல்லா 1986-இல் பதிவானது. அமெரிக்கப் பியோனி சங்கம் 1903 முதல் இருக்கிறது. அதன் தங்கப் பதக்கம் 2006-இல் பார்ட்செல்லாவுக்குக் கிடைத்தது. பதிவுக்கும் பதக்கத்துக்கும் நடுவே 20 ஆண்டுகள் இருப்பதைக் கவனியுங்கள். பல ஊர்களில், பல குளிர்காலங்களைத் தாண்டி நின்று காட்டிய பிறகுதான் இந்தச் செடிக்கு அந்த மரியாதை கிடைத்தது.

பூ உண்மையில் படத்தில் காட்டும் அளவுக்கு மஞ்சளாக இருக்குமா?

விரிகிற நாளில் இருக்கும். முதல் நாள் நல்ல எலுமிச்சை மஞ்சள். வெயில் பட்ட மூன்றாம் நாள் கொஞ்சம் வெளுத்து வெண்ணெய் நிறத்துக்குப் போகும். இணையப் படங்களில் நிறத்தைக் கூட்டிக் காட்டுகிறார்கள். சாமந்தி மஞ்சளை எதிர்பார்த்து வாங்காதீர்கள், ஏமாற்றமாக இருக்கும்.

நன்கு வளர்ந்த செடியில் ஒரு பூ 15 முதல் 20 சென்டிமீட்டர் அகலம் வரும். இதழ்கள் அடுக்கடுக்காக, கொஞ்சம் கசங்கிய பட்டுத் துணி போல இருக்கும். நடுவே விலக்கிப் பார்த்தால் ஒவ்வொரு இதழின் அடியிலும் சிறு சிவப்புத் தீற்றல் தெரியும். நானாக இருந்தால் அதைப் பார்த்துத்தான் இந்தச் செடியை வாங்குவேன். தூரத்தில் நின்று பார்ப்பவர்களுக்கு அது தெரியவே தெரியாது.

செடி 75 முதல் 90 சென்டிமீட்டர் உயரம் வரும். அகலம் ஒரு மீட்டரைத் தாண்டும். முதிர்ந்த செடியில் ஒரு பருவத்துக்கு 50 பூக்களுக்கு மேல் எண்ணலாம். எல்லாம் ஒரே நாளில் பூக்காது. ஒவ்வொரு தண்டிலும் நுனி மொட்டு முதலில் விரியும், பக்க மொட்டுகள் பின்னால் வரும். அதனால் சாதாரணப் பியோனி ஒரே வாரத்தில் முடிந்துவிடும் இடத்தில் இது மூன்று, நான்கு வாரம் தாக்குப்பிடிக்கும். பூ பெரிதாக வேண்டும் என்று சிலர் பக்க மொட்டைக் கிள்ளிவிடுகிறார்கள். போட்டிக்கு வளர்ப்பவர்களுக்கு அது சரி. வீட்டுக்கு வேண்டாம்.

வாசனை உண்டா?

உண்டு. எலுமிச்சையும் லேசான மசாலாவும் கலந்த மணம். மல்லிகை மாதிரி வீடு முழுக்கப் பரவாது. பக்கத்தில் போய்க் குனிந்தால்தான் தெரியும். காலையில் கூடுதல்.

சென்னையில், மதுரையில் வளர்க்கலாமா? கொடைக்கானலில்?

சமவெளியில் முடியாது. மனம் நோகும்படி சொல்வதாக நினைக்க வேண்டாம், செடி இயங்கும் விதம் அப்படி. பியோனியின் மண்ணடி மொட்டுகள் நீண்ட குளிரைக் கடந்தால்தான் வசந்தத்தில் விழித்துப் பூக்கும். சுமார் 5 டிகிரிக்கும் கீழே 500 முதல் 1,000 மணி நேரம் வரை தேவை என்று பொதுவாகக் கணக்குச் சொல்வார்கள். குளிர் போதாவிட்டால் இலை மட்டும் வரும். அடுத்த ஆண்டு அதுவும் மெலியும். பிறகு வேர் அழுகும்.

கொடைக்கானலிலும் ஊட்டியிலும் சனவரி இரவுகள் குளிர்ந்தாலும், பகலில் வெயில் ஏறி மண்ணை மறுபடி சூடாக்கிவிடும். தொடர்ந்த குளிர் கிடைப்பதில்லை. பணம் போட்டு முயல வேண்டாம் என்பதே என் கருத்து. செடியின் மேல் ஐஸ்கட்டி கொட்டச் சொல்லும் காணொளிகளை நம்ப வேண்டாம். ஐஸ் அரை மணியில் உருகிவிடும், செடி கேட்பது மாதக்கணக்கான குளிரை.

நம்மவர்கள் வாழும் ஊர்களில் டொராண்டோ, மொன்ட்ரியால், லண்டன், பாரிஸ், ஒஸ்லோ, சூரிச், நியூ ஜெர்சி எல்லாம் தாராளமாகச் சரிப்படும். அமெரிக்கக் குளிர் மண்டலக் கணக்கில் 4 முதல் 8 வரை என்று போடுவார்கள். கழித்தல் 30 டிகிரியையும் தாங்கும். சிங்கப்பூருக்கும் கோலாலம்பூருக்கும் ஆகாது. சிட்னி கடலோரமும் கடினம்.

இணையத்தில் மஞ்சள் பியோனி விதை மலிவாக விற்கிறார்களே, வாங்கலாமா?

வாங்காதீர்கள். இட்டோ பியோனிகளில் பெரும்பாலானவை மும்மடியம். சாதாரணப் பியோனியில் குரோமோசோம் இரண்டு தொகுதி இருக்கும், இவற்றில் மூன்று தொகுதி. விதை கட்டும்போது மூன்றைச் சரிபாதியாகப் பிரிக்க முடியாது. விதையில்லாத வாழைப்பழத்துக்குப் பின்னால் இருப்பதும் இதே கணக்குத்தான். ஆகவே 'பார்ட்செல்லா விதை' என்று எவர் விற்றாலும் அது பார்ட்செல்லா இல்லை. தப்பித் தவறி வேறு பியோனி விதையாகவே இருந்தாலும், முளைத்துப் பூக்க ஐந்து ஆண்டுகள் போகும்.

சரி, எதை, எப்போது வாங்குவது?

இரண்டு வழி இருக்கிறது. இலையுதிர்காலத்தில், அதாவது செப்டம்பர் அக்டோபரில், மண் இல்லாத வெறும் வேர்க்கிழங்காக விற்பார்கள். வசந்தத்தில் தொட்டிச் செடியாகவும் கிடைக்கும். நான் இலையுதிர்கால வேரைத்தான் விரும்புகிறேன். அந்த நேரத்தில்தான் செடி புதிதாக உறிஞ்சு வேர் விடும். குளிர் இறுகும் முன் ஆறு வாரமாவது மண்ணில் இருந்தால், வசந்தத்தில் நின்ற நிலையில் கிளம்பும்.

வேரில் முளைக்கண் எத்தனை என்று பாருங்கள். உருளைக்கிழங்கில் இருப்பது போலத்தான், ரோஸ் நிறத்தில் கூர்மையாக இருக்கும். மூன்று முதல் ஐந்து கண் இருந்தால் நல்லது. ஒரு கண்ணோடு மலிவாக விற்பதும் செத்துப்போகாது, ஆனால் இரண்டு ஆண்டு கூடுதலாகக் காத்திருக்க வேண்டும்.

விலை பற்றி ஒரு வார்த்தை. தொடக்க காலத்தில் ஒரு பார்ட்செல்லாவுக்கு நூற்றுக்கணக்கான டாலர் கொடுத்தார்கள். வேரைப் பிரித்துத்தான் பெருக்க முடியும் என்பதால் செடி கிடைப்பதே அரிது. பிறகு ஆய்வுக்கூடத்தில் திசு வளர்ப்பு முறையில் பெருக்கத் தொடங்கியதும் விலை இறங்கி, இன்று சாதாரணக் குடும்பம் வாங்கும் நிலைக்கு வந்திருக்கிறது.

பெயர்ச்சீட்டை மட்டும் நம்பாதீர்கள். நான் ஒரு கடையில் 'பார்ட்செல்லா' என்று எழுதிய தொட்டியை வாங்கி வைத்தேன். மூன்றாம் ஆண்டு முதல் மொட்டு விரிந்தபோது ரோஸ் நிறம்! அழகான பூதான். ஆனால் மஞ்சளுக்காக ஒதுக்கிய இடத்தில் மூன்று ஆண்டு போய்விட்டதே என்று அன்று எனக்கு அழுகையே வந்தது. அதன் பிறகு, பூத்திருக்கும் தொட்டியாகப் பார்த்து வாங்குகிறேன், இல்லாவிட்டால் பியோனி மட்டுமே வளர்க்கும் பண்ணையில் வாங்குகிறேன். இலையையும் பார்க்கலாம். இட்டோ இலை ஆழமாகக் கிழிபட்டு, கரும்பச்சையில் இருக்கும். சாதாரணப் பியோனி இலை அகன்று, வெட்டுக் குறைவாக இருக்கும்.

எவ்வளவு ஆழத்தில் நட வேண்டும்?

மேல் கண் மண்ணுக்கு 3 முதல் 5 சென்டிமீட்டர் கீழே. அவ்வளவுதான். விரலில் இரண்டு கணு அளவு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த ஒரு விஷயத்தில்தான் அதிகம் பேர் தவறு செய்கிறார்கள், நானும் செய்தேன். நம் ஊர் மனம் பனியைக் கண்டால் பயப்படும். கழித்தல் 20 டிகிரியில் வேர் உறைந்துபோகுமே என்று என் முதல் செடியை ஒரு சாண் ஆழத்தில் புதைத்து, மேலே இன்னும் மண்ணை அணைத்தேன். இலை வந்தது, தளதளவென்று இருந்தது. நான்கு ஆண்டு பூவே இல்லை. பக்கத்து வீட்டு முதியவர் ஒருவர், பிறந்ததிலிருந்து இங்கேயே தோட்டம் போடுகிறவர், வேலிக்கு மேலே எட்டிப் பார்த்து "எவ்வளவு ஆழத்தில் வைத்தாய்?" என்று கேட்டார். சொன்னதும் தலையில் கை வைத்துக்கொண்டார். செப்டம்பரில் தோண்டி எடுத்து, சரியான ஆழத்தில் வைத்தேன். இரண்டாம் ஜூனில் ஏழு பூ.

குளிர் பியோனிக்குப் பகையில்லை, தேவை. புதிதாக நட்ட முதல் குளிர்காலத்துக்கு மட்டும் காய்ந்த இலையால் மூடாக்கு போடலாம், மண் உறைந்து உருகி வேரை மேலே தள்ளிவிடாமல் இருக்க. வசந்தம் வந்ததும் அதை எடுத்துவிடுங்கள்.

இன்னொன்று: நட்டதும் நன்றாகத் தண்ணீர் விட்டால் மண் படிந்து, வேரும் கொஞ்சம் கீழே இறங்கும். அதனால் குழியின் அடி மண்ணை முதலில் மிதித்துக் கெட்டிப்படுத்திவிட்டு, பிறகு வேரை வையுங்கள்.

எங்கே நடுவது? எங்கள் வீட்டு மண் சுத்தக் களிமண்.

களிமண்ணில் வளரும். தேங்கும் தண்ணீரில்தான் வளராது. மழை பெய்த மறுநாளும் குட்டையாக நிற்கும் இடத்தைத் தவிர்த்துவிடுங்கள். வேறு இடமே இல்லை என்றால், ஒரு சாண் உயரத்துக்கு மேடு கட்டி அதில் நடலாம். இரண்டடி அகலம், ஒன்றரை அடி ஆழம் தோண்டி, எடுத்த மண்ணோடு மக்கிய உரத்தைக் கலந்து நிரப்புங்கள். பச்சைச் சாணம் ஆகாது, வேர் அழுகும்.

நாளுக்கு ஆறு மணி நேர வெயில் தேவை. கோடை கடுமையான ஊர்களில் பிற்பகல் நிழல் கொஞ்சம் இருந்தால் மஞ்சள் சீக்கிரம் வெளுக்காது. மேப்பிள் மரத்துக்குப் பக்கத்தில் வேண்டாம். அதன் நிழல் விழுவது போதாதென்று, வேரும் வந்து தண்ணீரைக் குடித்துவிடும். சுற்றிலும் ஒரு மீட்டர் இடம் விடுங்கள். நட்ட அன்று வெறுமையாகத் தெரியும், ஐந்தாம் ஆண்டு போதவில்லை என்பீர்கள்.

உரம், தண்ணீர்?

தழைச்சத்து கூடினால் இலை மட்டும் பெருகும், பூ குறையும். புல்தரைக்குப் போடும் உரம் பக்கத்தில் சிதறாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அது முழுக்கத் தழைச்சத்து. மணிச்சத்தும் சாம்பல்சத்தும் உள்ள மெதுவாகக் கரையும் உரம் ஒரு கைப்பிடி, வசந்தத்தில் ஒருமுறை. எலும்புத்தூளும் போடலாம். தண்டை ஒட்டிப் போடாமல் ஒரு சாண் தள்ளிப் போடுங்கள்.

முதல் இரண்டு கோடை மழை இல்லாத வாரங்களில் ஆழமாகத் தண்ணீர் விடுங்கள். பிறகு பெரிய கவலை இல்லை. பூ முடிந்த பிறகும் சூலை, ஆகஸ்டில் செடியைக் காயவிடாதீர்கள். அடுத்த ஆண்டுப் பூவுக்கான கண் அப்போதுதான் உருவாகிறது.

நட்டு மூன்று ஆண்டாகிவிட்டது, பூக்கவில்லை. என்ன செய்ய?

மூன்றாம் ஆண்டு என்றால் இன்னும் ஓராண்டு பொறுங்கள். அதற்கு மேல் என்றால் முதலில் ஆழத்தைப் பாருங்கள், விரலால் மண்ணை விலக்கினாலே தெரியும். அடுத்து நிழல். நட்டபோது சிறிதாக இருந்த பக்கத்து மரம் இப்போது வளர்ந்திருக்கும். மொட்டு வந்து கடுகு அளவிலேயே கருகினால் அது பின்பனியாகவோ பூஞ்சாணமாகவோ இருக்கும். ஆண்டுதோறும் இடம் மாற்றி நடுகிறவர்களுக்குப் பூ வராது. அசைக்கும் ஒவ்வொரு தடவையும் செடி முதலிலிருந்து தொடங்கும்.

மொட்டில் எறும்பு மொய்க்கிறது. மருந்து அடிக்கவா?

வேண்டாம். மொட்டின் புறவிதழில் இனிப்பான நீர் சுரக்கும், அதைக் குடிக்க வருகின்றன. செடிக்குத் தீங்கில்லை. எறும்பு கடித்துத் திறந்தால்தான் பூ விரியும் என்று சொல்வதும் உண்மையில்லை, எறும்பே இல்லாமலும் விரியும்.

நோய் வருமா?

மற்ற பியோனிகளைவிடக் குறைவு. ஈரமான வசந்தத்தில் இளந்தண்டு அடியில் கறுத்துச் சாய்ந்து, மொட்டில் சாம்பல் நிறப் பூசணம் படியும். போட்ரைடிஸ் என்ற பூஞ்சாணத்தின் வேலை அது. பட்ட பகுதியை உடனே வெட்டிக் குப்பையில் போடுங்கள், உரக்குழியில் போட வேண்டாம். காற்றோட்டம் இருந்தால் பெரும்பாலும் வராது. தண்ணீரை இலை மேல் தெளிக்காமல் அடியில் விடுங்கள்.

கோடை முடிவில் பக்கத்தில் இருக்கும் சாதாரணப் பியோனிகளின் இலை சாம்பல் நோய் பிடித்து வெளுத்திருக்கும்போது, இட்டோவின் இலை உறைபனி வரைக்கும் பச்சையாக நிற்கும். பூ முடிந்தபின் ஐந்து மாதம் நாம் பார்க்கப்போவது இலையைத்தான். அதனால் இது சின்ன விஷயமில்லை.

மானும் முயலும் பொதுவாகத் தொடாது.

கம்பு நட்டுக் கட்ட வேண்டுமா?

தேவையில்லை. தண்டு உறுதியாக இருக்கும். சாதாரண அடுக்குப் பியோனி ஒரு மழைக்கே மண்ணில் சாய்வதைப் பார்த்துச் சலித்தவர்களுக்கு இது பெரிய நிம்மதி.

இலையுதிர்காலத்தில் எப்படிக் கவாத்து செய்வது?

இரண்டு மூன்று உறைபனிக்குப் பிறகு இலை கறுத்ததும் வெட்டலாம். செடிப் பியோனி போல் மண்ணோடு மண்ணாக வெட்டிவிடாதீர்கள். இட்டோவின் தண்டு அடிப்பகுதி கொஞ்சம் கட்டையாகும், அதிலும் மொட்டு இருக்கும். 10 முதல் 15 சென்டிமீட்டர் விட்டு வெட்டுங்கள். வசந்தத்தில் அந்தக் கட்டைகளில் எது துளிர்க்கிறது என்று பார்த்து, துளிர்க்காததை அப்போது நீக்கலாம். கடும் குளிரில் மேல் மொட்டெல்லாம் செத்தாலும் பயமில்லை, மண்ணடியிலிருந்து புது முளை வரும். வெட்டிய இலையைச் செடியடியில் விடாமல் அகற்றுங்கள். பூஞ்சாணம் குளிர்காலத்தை அதில்தான் கழிக்கும்.

செடியைப் பிரித்துத் தங்கைக்குக் கொடுக்க நினைக்கிறேன். எப்படி?

ஐந்தாறு ஆண்டு ஆன செடியாக இருக்கட்டும். செப்டம்பரில், தண்டிலிருந்து ஒன்றரை அடி தள்ளிச் சுற்றிலும் தோண்டி, முழுதாகத் தூக்குங்கள். தண்ணீரில் கழுவினால் கண் எங்கே, வேர் எங்கே என்று தெரியும். இட்டோவின் தலைப்பகுதி மரக்கட்டை மாதிரி. சமையல் கத்தி உள்ளே போகாது, சிறு ரம்பம் வேண்டும். ஒவ்வொரு துண்டிலும் மூன்று கண்ணும் நல்ல வேரும் இருக்கும்படி அறுங்கள். அறுக்கும் முன் ரம்பத்தைக் கிருமி நீக்கும் ஆல்கஹாலால் துடைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு துண்டு போதும் என்றால் முழுச் செடியைத் தோண்ட வேண்டியதில்லை என்று சிலர் ஓரத்தில் மட்டும் வெட்டி எடுப்பார்கள். நானும் ஒருமுறை அப்படிச் செய்தேன், வந்தது வேரில்லாத கட்டை. தங்கைக்குக் கொடுக்க வேண்டியதாக இருந்தால் பொறுமையாகத் தோண்டி நல்ல துண்டாகவே கொடுங்கள்.

அடுக்குமாடி வீடு. தொட்டியில் வைக்கலாமா?

வைக்கலாம், ஆனால் தரையில் கிடைக்கும் பூவை எதிர்பார்க்க வேண்டாம். இரண்டடி அகலமாவது இருக்க வேண்டும், அடியில் ஓட்டை அவசியம். குளிர்காலத்தில் தொட்டி மண் நாலாபக்கமும் உறையும். பனியும் மழையும் மாறி மாறி வரும்போது உள்ளே நீர் தேங்கி வேரைக் கெடுக்கும். சூடில்லாத கார் கொட்டகையில் வைப்பது நல்லது. வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள், குளிர் கிடைக்காது. கறிவேப்பிலைத் தொட்டியை உள்ளே தூக்கும் அதே வாரத்தில் இதைக் குளிரிலேயே விட்டுவைப்பது நமக்குக் கொஞ்சம் விசித்திரமாக இருக்கும்.

பூவை வெட்டி வீட்டில் வைக்கலாமா? தொடுத்துத் தலையில் வைக்கலாமா?

முதல் மூன்று ஆண்டு வெட்டாமல் விடுங்கள். அதன் பிறகு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்ட வேண்டாம். தண்டோடு இலையும் போகிறதல்லவா, அந்த இலைதான் வேருக்குச் சோறு போடுகிறது. மொட்டு நிறம் காட்டி, தொட்டால் பழுத்த சப்போட்டா போல மெத்தென்று இருக்கும்போது காலையில் வெட்டுங்கள். கல்லாக இருக்கும் மொட்டை வெட்டினால் குவளையில் விரியாது.

ஒரு ஜூனில் அம்மா மதுரையிலிருந்து வந்திருந்தார். தோட்டத்துக்குள் வந்ததும் முதலில் கையில் ஏந்தி எடை பார்த்தார். "இதைத் தொடுக்க முடியாதே, நார் அறுந்துவிடும்" என்றார். பிறகு ஒன்றை மட்டும் வெட்டச் சொல்லி, அகன்ற பித்தளைத் தட்டில் தண்ணீர் விட்டு மிதக்கவிட்டு, சாமி படத்துக்கு முன்னால் வைத்தார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அப்படித்தான். காம்பைக் குட்டையாக வெட்டித் தண்ணீரில் மிதக்கவிட்டால், நடுவிலிருக்கும் சிவப்புத் தீற்றலும் மேலிருந்து பார்க்கத் தெரிகிறது.

இதே போல வேறு மஞ்சள் ரகம் உண்டா?

உண்டு. டான் ஹாலிங்ஸ்வொர்த் உருவாக்கிய 'கார்டன் டிரெஷர்' 1984-இல் பதிவாகி, 1996-இல் தங்கப் பதக்கம் பெற்றது. இட்டோ வகையில் அந்தப் பதக்கம் பெற்ற முதல் செடி அதுதான். பார்ட்செல்லாவைவிட இதழடுக்குக் குறைவு, மகரந்தத் தாள்கள் நன்றாகத் தெரியும். உண்மையைச் சொன்னால் எனக்கு அதன் பூ இன்னும் கொஞ்சம் பிடிக்கும். ஒரே ஒரு செடிக்கு இடமிருக்கிறது என்பவர்களுக்கு மட்டும் பார்ட்செல்லாவைச் சொல்வேன், எளிதாகக் கிடைக்கும் என்பதால். சாதாரணச் செடிப் பியோனி வகையில் வெண்ணெய் மஞ்சள் போதும் என்றால் 'லெமன் ஷிஃபான்' பாருங்கள், முன்னதாகவே பூத்துவிடும். மரப் பியோனியில் 'ஹை நூன்'.

வாங்கும் முன் நேரில் பார்க்க விரும்பினால், டொராண்டோ பக்கம் இருப்பவர்கள் ஜூன் முதல் பாதியில் ஒஷாவா தாவரவியல் தோட்டத்துக்குப் போய் வாருங்கள். 300-க்கும் மேற்பட்ட பியோனி ரகங்களைப் பெயர்ப்பலகையோடு வைத்திருக்கிறார்கள். படத்தில் பார்த்த மஞ்சளுக்கும் கண்ணால் பார்க்கும் மஞ்சளுக்கும் உள்ள வேறுபாடு அங்கே புரிந்துவிடும்.

குழந்தைகள், நாய், பூனை இருக்கும் வீடு. ஆபத்தா?

நாயும் பூனையும் கடித்து விழுங்கினால் வாந்தி, வயிற்றுப்போக்கு வரலாம். வேரைத் தோண்டும் பழக்கமுள்ள நாய் என்றால் சுற்றிலும் கம்பிவலை போடுங்கள். குழந்தைகள் தொடுவதால், முகர்வதால் ஒன்றுமில்லை. வாயில் வைக்காமல் பார்த்துக்கொண்டால் போதும்.

வீட்டை விற்கப்போகிறோம். செடியை எடுத்துப் போகலாமா?

பியோனி சரியான இடத்தில் அரை நூற்றாண்டுக்கு மேலும் வாழும், அதனால் இந்தக் கேள்வி எல்லோருக்கும் ஒருநாள் வரும். மண்ணில் நட்ட செடி பொதுவாக வீட்டோடு சேர்ந்ததாகவே கருதப்படும். எடுத்துப்போக வேண்டுமானால் விற்பனைக்குக் காட்டும் முன்பே எடுத்துவிடுங்கள், அல்லது ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள். கோடையில் வீடு மாறுகிறீர்கள் என்றால் முந்தைய செப்டம்பரிலேயே ஒரு துண்டைப் பிரித்துப் பெரிய தொட்டியில் வைத்து, சூடில்லாத கொட்டகையில் குளிர்காலத்தைக் கழிக்கவிடுங்கள். தாய்ச்செடி அங்கேயே நிற்கட்டும். அதன் பெயரையும், எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்பதையும் ஒரு சீட்டில் எளிதில் அழியாத மையால் எழுதி, வரப்போகிறவர்களிடம் கொடுத்துவிடுங்கள்.